நியூமராலஜி பார்க்கப்பட மாட்டாது

"அம்மா, எம்பேருல ஒரு எழுத்து கூட்டணுமா, கொறைக்கணுமா? நீங்களே பாத்துச் சொல்லிடுங்க."

பால்காரர் கொளஞ்சியப்பன் இப்படிக் கேட்டபோது உமாராணி குவார்ட்டர்ஸ் வாசலில் பாத்திரத்தை நீட்டிக்கொண்டு நின்றாள். மனசு அங்கே இல்லை. உள்ளே சாப்பாட்டு மேஜையில், நியூட்டன்-ராப்சன் முறையில் போட்டுக்கொண்டிருந்த கணக்கு பாதியில் கிடந்தது. இன்னும் ஒரு சுற்று போட்டால் விடை கையில் சிக்கிவிடும் என்ற நேரம் பார்த்துத்தான் மொபெட் ஹாரன் அடித்திருந்தது.

"என்ன எழுத்து?" என்றாள்.

"பேரு எழுத்துதாம்மா. மாடு ரெண்டும் மடி வத்திக்கினே போவுது. உன் பேருதான் சரியில்லன்னு எங்க வூட்ல சொல்லிக்கினு இருக்கா. நீங்க அதுக்குன்னே பெரிய படிப்பு படிச்சிக்கினு இருக்கிறீங்களாமே?"

"யாரு சொன்னது?"

"எங்க வடக்குத்து ஊரு பூரா தெரியுமே!"

பால் பாத்திரத்தோடு உள்ளே போனவள், ஃபர்ஸ்ட் ஷிஃப்டுக்குக் கிளம்பி ஷூ மாட்டிக்கொண்டிருந்த கணவன் ஜெயகணேஷ் முன்னால் போய் நின்றாள்.

"கம்பெனி பஸ்ல என்னைப் பத்தி என்ன சொன்னீங்க?"

"என்ன சொன்னேன்? என் ஒய்ஃப் எம்.எஸ்ஸி. கணக்கு படிக்கிறா, அதுலயே கஷ்டமான பேப்பர் இதுதான்னு பெருமையாத்தான் சொன்னேன்."

"என்ன பேப்பர்னு சொன்னீங்க?"

ஜெயகணேஷ் ஷூ கயிற்றில் திடீரென்று அதிக அக்கறை காட்டினான். "நியூமர்னு ஏதோ வருமே. பஸ் சத்தத்துல பக்கத்து சீட்டுக்காரரு 'நியூமராலஜியா'ன்னு கேட்டாரு. நானும் ஆமான்னுட்டேன்."

"நியூமரிக்கல் அனாலிசிஸ்!"

"ரெண்டுலயும் நம்பர்தானே உமா?"

உமாராணி பால் பாத்திரத்தோடு அடுக்களைக்குள் போனாள். பதில் சொல்லியிருந்தால் அவன் ஷிஃப்டுக்குப் போயிருக்க முடியாது.

அவளுடைய கோபத்தில் நியாயம் இருந்தது. சாத்தூர்ப் பக்கத்தில் எம்.எஸ்ஸி. முதல் வருஷம் படித்துக்கொண்டிருந்த பெண்ணை, மாப்பிள்ளைக்கு நெய்வேலியில் பர்மனென்ட் வேலை என்பதற்காகப் பாதியில் எழுப்பித் தாலி கட்டி அனுப்பிவைத்தார்கள். அன்று மூடிய புத்தகத்தை, மகள் கல்லூரி விடுதிக்குப் போன பிறகுதான் அவளால் மறுபடி திறக்க முடிந்தது. தொலைநிலைக் கல்வியில் சேர்ந்தாள். எல்லாப் பாடத்தையும் படித்தாள் என்றாலும் இந்த ஒரு பாடத்தின் மேல் அவளுக்குத் தனிப் பிரியம். தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்ளும் பாடம் அது. எவ்வளவு தெரியாது, பிழை எத்தனை தசம இடம் என்பதையும் கூச்சமில்லாமல் சொல்லிவிடும். அவள் பார்த்த மனிதர்களில் யாரும் அந்த அளவுக்கு நேர்மையானவர்கள் இல்லை. அதைப் போய் நியூமராலஜி என்றால்?

முதல் காரியமாகப் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் மரியபுஷ்பத்திடம் போய் விளக்கினாள். மரியபுஷ்பத்திடம் சொன்னால் பிளாக் முழுவதற்கும் சொன்ன மாதிரி.

"புஷ்பம்க்கா, நல்லா கேட்டுக்கோங்க. சில சமன்பாட்டுக்கு நேரடியா விடை கண்டுபிடிக்க முடியாது. அதனால முதல்ல உத்தேசமா ஒரு எண்ணை வச்சுக்குவோம். அதை வச்சுக் கணக்குப் போட்டா இன்னொரு எண் வரும். அதைத் திரும்பப் போட்டா இன்னும் கிட்டத்துல ஒண்ணு வரும். இப்படியே மறுபடி மறுபடி திருத்தித் திருத்தி விடைக்குப் பக்கத்துல போயிடுவோம். இதுதான் நான் படிக்கிறது."

மரியபுஷ்பம் முறத்தில் கை வைத்தபடியே அரிசி புடைக்க மறந்து கேட்டாள்.

"உத்தேசமா ஒண்ணு சொல்றது. அது சரியா வரலன்னா திருத்திச் சொல்றது. அப்பறம் மறுபடி திருத்திச் சொல்றது."

"ஆமா!"

"அதத்தான உமா பண்ருட்டி ஜோசியரும் பண்றாரு?"

உமாராணி எழுந்து வந்துவிட்டாள். அவள் முதுகுக்குப் பின்னால் மரியபுஷ்பம் குரலைத் தாழ்த்தி, "நம்ம பையன் அலெக்சாண்டருக்கு ஒண்ணு பாக்கணும். பங்குச் சாமியாருக்கு மட்டும் தெரியாம பாத்துக்க" என்றாள்.

அந்த வாரமே ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். சிலருக்குப் பெயர் மாற்ற வேண்டும், சிலருக்கு வண்டி நம்பர் பார்க்க வேண்டும். ஒருவர் ஆதார் அட்டையையே நீட்டினார். உமாராணி ஒவ்வொருவரிடமும் பொறுமையாக, "நான் படிக்கிறது அது இல்லைங்க" என்று சொல்லி அனுப்பினாள். போனவர்கள் தெருமுனையில் நின்று, வந்துகொண்டிருந்தவர்களிடம், "இன்னிக்கி நாள் சரியில்லபோல. நாளைக்கி வரணும்" என்றார்கள்.

டவுன்ஷிப்பில் எல்லா வீடும் ஒரே அச்சு. அதே சாம்பல் படிந்த சுவர், அதே பலாமரம், அதே கேட். வெளியூர்க்காரர்களில் பாதிப் பேர் தெருத் தெருவாகச் சுற்றி, வீடு தெரியாமல் திரும்பிக்கொண்டிருந்தார்கள். உமாராணிக்கு இது தெரியாது. அவள் ஒரு அட்டையில் பெரிய எழுத்தில், 'இங்கு நியூமராலஜி பார்க்கப்பட மாட்டாது' என்று பெயின்டால் எழுதிக் கேட்டில் மாட்டினாள்.

அதன் பிறகு யாரும் வழி தவறவில்லை.

"போர்டு வேற போட்டிருக்கிறாங்க பாரு" என்று ஒரு பெரியவர் கூட வந்தவரிடம் சொன்னது ஜன்னல் வழியே கேட்டது. "காசுக்குப் பாக்கறவன் வா வான்னு போர்டு போடுவான். விஷயம் தெரிஞ்சவங்கதான் வராதன்னு போடுவாங்க."

அட்டையைக் கழற்றி எறியலாமா என்று அவள் யோசித்துக்கொண்டிருந்த மதியத்தில்தான் மரியபுஷ்பத்தின் மகன் அலெக்சாண்டர், ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி வந்து நின்றான். சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. நல்ல பையன்தான்.

"ஆன்ட்டி, அலெக்சாண்டர்ல ஒரு 'எக்ஸ்' சேத்துப் போட்டா பர்மனென்ட் ஆயிடுமான்னு அம்மா கேட்டுட்டு வரச் சொன்னாங்க."

அத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததெல்லாம் அவன் தலையில் இறங்கியது.

"ஏன்டா, ரெண்டு எக்ஸ் போட்டா ரெண்டு வேலை குடுப்பானா? டிப்ளமா படிச்சவன்தானே நீ? பெல்ட்டுல நிலக்கரி ஓடுறது உன் பேரைப் பாத்தா, மோட்டாரைப் பாத்தா? ஆபீசர் உன் வேலையப் பாப்பானா, உன் பேர்ல எத்தன எக்ஸ்னு எண்ணிக்கிட்டு உக்காந்திருப்பானா? வெக்கமா இல்ல? இன்னொரு தடவை இந்தக் கேள்வியோட இந்தப் படி ஏறினே, ஹெல்மெட் இருக்கேன்னுகூடப் பாக்க மாட்டேன். போடா!"

அலெக்சாண்டர் போய்விட்டான். உமாராணிக்கு உள்ளே கொஞ்சம் குளிர்ந்தது. இனி ஒருத்தரும் வர மாட்டார்கள் என்று நினைத்தாள்.

அந்த வாரக் கடைசியில் அலெக்சாண்டருக்குப் பர்மனென்ட் ஆர்டர் வந்தது. அவனோடு சேர்த்து ஒரு கும்பலுக்கே வந்தது. அந்த ஆர்டர் எப்போதோ தயாராகி, யாருடைய கையெழுத்துக்காகவோ எங்கேயோ காத்துக் கிடந்திருக்கிறது. ஆனால் அதைக் கேட்க யாருக்கு நேரம்? மரியபுஷ்பம் பிளம் கேக்கோடு வந்து உமாராணியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"நீ நம்பர் பாக்கறதில்லன்னு இப்பத்தான் புரிஞ்சிது உமா."

"அப்பாடா! இப்பவாவது புரிஞ்சுதே!"

"உன் வாய்தான். நீ திட்டினா பலிக்குது."

நியூமராலஜி என்றபோதாவது உமாராணிக்கு மறுக்க ஒரு வழி இருந்தது. இதை எப்படி மறுப்பது? கோபப்பட்டு மறுத்தால் அதுவே திட்டு. வந்தவர்கள் பெயரையும் பிறந்த தேதியையும் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். அவள் "போங்க வெளியே" என்று கத்தினால் முகம் மலர்ந்து போனார்கள். இரண்டு வார்த்தை கூடுதலாக விழுந்தவர்கள், குறைவாக விழுந்தவர்களைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

ஜெயகணேஷுக்கும் மரியாதை கூடியது. பஸ்ஸில் அவனுக்கு ஜன்னலோர சீட்டு கிடைத்தது. "சார் குடுத்து வச்சவரு. வீட்லயே இருக்கு, தினமும் வாங்கிக்கலாம்" என்று பின்சீட்டில் பெருமூச்சு விட்டார்கள். அவன் அதை வீட்டில் வந்து சிரித்துக்கொண்டே சொன்னான். சொன்னதற்கு உடனே பலன் கிடைத்தது.

"கொஞ்சம் யோசிச்சுப் பாருங்கக்கா" என்று உமாராணி கடைசி முயற்சியாக மரியபுஷ்பத்திடம் மன்றாடினாள். "என்கிட்ட திட்டு வாங்கியும் ஒண்ணும் நடக்காதவங்க எத்தனை பேரு? அந்தக் கொளஞ்சியப்பனையே எடுத்துக்கோங்க. தினம் வாங்குறாரு. மாடு கறக்குதா?"

"அவுருக்குப் பத்தல உமா. இன்னொரு ரவுண்டு வாங்கணும். பலிக்கலன்னா மறுபடி, அப்பவும் இல்லன்னா மறுபடி. நீ சொல்லிக் குடுத்த கணக்குதான!"

சரி, இனி கோபமே படுவதில்லை என்று உமாராணி முடிவெடுத்தாள். திட்டு இல்லை என்று தெரிந்தால் கூட்டம் தானாகக் கலைந்துவிடும். அடுத்து வந்தவள் நெல்லிக்குப்பத்துக்காரி நாகம்மாள். கரும்புக் கொல்லை வழக்கு கோர்ட்டில் இழுத்துக்கொண்டே போகிறதாம். உமாராணி அவளை உட்கார வைத்து, மோர் கொடுத்து, "நல்ல வக்கீலாப் பாருங்கம்மா, எல்லாம் சரியாயிடும்" என்று சிரித்த முகமாகச் சொன்னாள்.

நாகம்மாளின் முகம் சுருங்கியது. மோரைக் கீழே வைத்தாள்.

"நான் என்னாம்மா பாவம் பண்ணேன்?"

"ஏம்மா, என்ன ஆச்சு?"

"எல்லாரையும் வாய் நெறையத் திட்டினீங்களாம். நான் ரெண்டு பஸ்ஸு மாறி வந்துகினு இருக்கிறேன். என்னிய மட்டும் ஒரு வார்த்த திட்ட மாட்டேங்கிறீங்களே!" என்று அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு விசும்ப ஆரம்பித்தாள். விசும்பல் அழுகையாகி, அழுகை ஒப்பாரிக்குப் போகும் தருவாயில், எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்துகொண்டன.

"எந்திரிச்சுப் போம்மா! வீட்ல வேலவெட்டி இல்லையா உனக்கு? அறிவுன்னு ஒண்ணு கடவுள் குடுத்தானா இல்லையா?" என்று உமாராணி வீரிட்டாள்.

நாகம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மீதி மோரையும் குடித்துவிட்டு, கும்பிட்டு எழுந்தாள். "மவராசியா இரு தாயி!"

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜெயகணேஷின் மேலதிகாரியே காரில் வந்து இறங்கியதைத்தான் உமாராணியால் தாங்க முடியவில்லை. அவர் எம்.டெக். படித்தவர்.

"வடநாட்டுக்கு டிரான்ஸ்ஃபர் போட்டிருக்காங்க மேடம்" என்று அவர் சோஃபாவின் நுனியில் உட்கார்ந்து டையைத் தடவிக்கொண்டார். "நீங்க ஒரு வார்த்தை. கொஞ்சம் கடுமையாவே."

"சார், நீங்க இன்ஜினியர்! நியூட்டன்-ராப்சன் படிக்காமலா பாஸ் பண்ணினீங்க?"

"அரியர் வச்சுத்தான் மேடம் பாஸ் பண்ணினேன்."

"அதான பாத்தேன்! ஒழுங்காப் படிச்சிருந்தா இப்படி வந்து உக்காந்திருப்பீங்களா? உங்களை நம்பி ஒரு யூனிட்டையே குடுத்திருக்காங்களே, அங்க மிஷின் நின்னா அதையும் உக்காந்து திட்டுவீங்களா?"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன செய்துவிட்டோம் என்பது அவளுக்கு உறைத்தது. அதிகாரி நன்றி சொல்லிக் கைகூப்பினார். அடுக்களை வாசலில் ஜெயகணேஷ் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றான். சில நாளில் அந்த டிரான்ஸ்ஃபர் ரத்தானது. ரத்தாகாமல் இருந்தால்தானே கூட்டம் குறையும்!

இத்தனை அமளிக்கு நடுவிலும் உமாராணி படித்தாள். காலிங் பெல் கம்பியைப் பிடுங்கிவிட்டு, சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு படித்தாள். தேர்வு எழுத வேண்டுமானால் அசைன்மென்டில் தேற வேண்டும். காஸ்-சைடல் முறையில் தீர்க்கச் சொல்லிச் சமன்பாடுகள் கொடுத்திருந்தார்கள். ஒவ்வொரு படியிலும் பிழை எவ்வளவு குறைகிறது என்று தனியாகக் கட்டம் போட்டு எழுதினாள். வந்த விடையைத் திரும்பச் சமன்பாட்டில் போட்டு, தசமத்தின் கடைசி இடம்வரை ஒத்துப்போகிறதா என்று பார்த்தாள். அடித்தல் திருத்தல் இல்லாமல் பிரதி எடுத்துக் கடலூர் படிப்பு மையத்துக்கு அனுப்பினாள்.

அங்கே அந்தப் பாடத்தை நடத்துகிற மதிவாணன் சார் மேல் அவளுக்கு நல்ல மரியாதை. மற்றவர்கள் வகுப்புக்கு வந்து கைடைப் பார்த்து வாசித்துவிட்டுப் போவார்கள். அவர் மட்டும் சாக்பீஸ் தூள் சட்டையெல்லாம் கொட்ட, எந்த உத்தேசத்திலிருந்து தொடங்கினால் கணக்கு விடையை நோக்கிப் போகும், எதிலிருந்து தொடங்கினால் கைமீறி ஓடும் என்று படம் வரைந்து காட்டுவார். உலகம் முழுக்கப் புத்தி கெட்டுப் போனாலும் மதிவாணன் சார் வகுப்பறையில் இரண்டும் இரண்டும் நாலுதான் என்ற நிம்மதி அவளுக்கு இருந்தது.

அசைன்மென்ட் திரும்பி வந்தது. முதல் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு முட்டை.

உமாராணி பக்கம் பக்கமாகப் புரட்டினாள். எங்கேயும் ஒரு அடிக்கோடு இல்லை, ஒரு கேள்விக்குறி இல்லை. எது தப்பு என்று ஒரு வரி இல்லை. முட்டை மட்டும் இருந்தது. அதுவும் கொஞ்சம் கோணலாக இருந்தது.

ராத்திரி ஷிஃப்ட் முடித்து வந்து தூங்கிக்கொண்டிருந்த ஜெயகணேஷை எழுப்பவில்லை. சேலையை மாற்றிக்கொண்டு, அசைன்மென்டைப் பையில் திணித்துக்கொண்டு கடலூர் பஸ் ஏறினாள். டிக்கெட் கொடுத்த கண்டக்டர் அவளை அடையாளம் கண்டு, எதையோ கேட்க வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்ததும், கேட்காமலே கிடைத்துவிட்ட திருப்தியோடு முன்னால் நகர்ந்தார்.

படிப்பு மையம் ஒரு கல்லூரியின் பின்கட்டில் இருந்தது. வராந்தாவில் அட்டெண்டர் சாமிக்கண்ணு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்து, என்ன ஏது என்று கேட்காமல், "சார் உள்ளதான் இருக்கிறாருங்க" என்று கதவைத் திறந்துவிட்டார்.

மதிவாணன் சார் மேஜைக்குப் பின்னால் இருந்தார். உமாராணி அசைன்மென்டை அவர் முன்னால் போட்டாள்.

"இதுல எது சார் தப்பு?"

அவர் எழுந்து நின்றார்.

"மூலைவிட்டத்து எண் மத்ததோட கூட்டுத்தொகைய விடப் பெரிசான்னு சரிபாத்துட்டுத்தான் ஆரம்பிச்சேன். ஒவ்வொரு சுத்துலயும் பிழை எவ்வளவுன்னு எழுதியிருக்கேன். விடையத் திரும்பப் போட்டுக் காட்டியிருக்கேன். நீங்க படிச்சீங்களா, படிக்காமலே முட்டை போட்டீங்களா? ஒரு கால்குலேட்டர் எடுத்துத் தட்டிப் பாக்க உங்களுக்கு நேரமில்லையா?"

மதிவாணன் தலையைக் குனிந்துகொண்டார்.

"எங்க ஊர்ல என்னைச் சுத்தி இருக்குற ஜனங்களுக்குத்தான் கணக்குன்னா என்னன்னு தெரியாது. என்னைச் சாமியா பிசாசான்னு தெரியாமப் பாடாப் படுத்துறாங்க. அவங்களை மன்னிச்சிடலாம், படிக்காதவங்க. நீங்க? கரும்பலகைல நின்னு பாடம் நடத்துறவர்! ஒரு பொம்பளை இருபது வருஷம் அடுப்படில நின்னுட்டு, மறுபடி புத்தகத்தைத் திறந்து, ஒரு கணக்கைச் சரியாப் போட்டுக் கொண்டுவந்தா அதுக்கு நீங்க குடுக்குற மரியாதை இதுதானா? வாங்குற சம்பளத்துக்கு மனசாட்சி வேண்டாமா? உங்ககிட்டதான் நியாயம் இருக்குன்னு நம்பினேன் பாருங்க, என்னைச் சொல்லணும்!"

மதிவாணன் கண்களை மூடி, கைகளைக் கட்டிக்கொண்டு, மழையில் நனைகிறவர் மாதிரி நின்றார். அந்த முகத்தில் இருந்தது குற்ற உணர்ச்சி என்று உமாராணிக்குத் தோன்றியது. கோபம் கொஞ்சம் இறங்கியது.

"வேற ஏதாவது சொல்லணும்னாலும் சொல்லிடுங்கம்மா" என்றார் மெல்ல.

"போதும் சார். இதுக்கு மேல சொல்ல எனக்கு மனசு வரல."

அவர் அசைன்மென்டை எடுத்தார். முட்டையை அடித்துவிட்டு, பக்கத்தில் முழு மதிப்பெண் போட்டுக் கையெழுத்திட்டார். எழுதும்போது அவர் கண் கலங்கியிருந்தது. "இவ்வளவு சுத்தமா இந்தக் கணக்கை யாரும் போட்டு நான் பாத்ததில்லை. என்னை மன்னிச்சிடுங்க" என்றார்.

உமாராணி வெளியே வந்தாள். பல வாரங்களுக்குப் பிறகு அவளுக்கு மூச்சு சீராக வந்தது. தப்பைத் தப்பு என்று சொன்னால் ஒப்புக்கொண்டு திருத்துகிற ஓர் இடமாவது இந்த ஜில்லாவில் இருக்கிறது. திட்டுக்குப் பலன் தேடாமல், திட்டிலுள்ள நியாயத்தைக் கேட்ட ஒரே மனிதர். அவரைப் போய் மனசாட்சி இல்லையா என்று கேட்டது கொஞ்சம் அதிகமோ என்றுகூட இருந்தது.

வராந்தா முடிவில் சாமிக்கண்ணு குடையைப் பிடித்தபடி கூடவே வந்தார்.

"சார்கிட்ட நான் ரொம்பக் கடுமையாப் பேசிட்டேன்" என்றாள் உமாராணி. "மனசுல வச்சுக்க வேண்டாம்னு சொல்லுங்க."

"ஐயோ, அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்கம்மா. அவுரு இம்மா வருஷமா டெம்ப்ரவரி. நாளைக்கிதான் பர்மனென்ட் இன்டர்வியூ. சரியான கணக்குக்கு முட்டை போட அவுருக்குக் கையே வரலீங்க. நாந்தான் 'போடுங்க சார், அப்பத்தான் அந்தம்மா நேர்ல வந்து திட்டும்'னு தெகிரியம் சொன்னேன்!"